மழையில் மட்டும் சார்ஜ் இறங்கிய வேனும் என் சகலை கோதண்டமும்

பொன்னேரி தொடங்கி கும்மிடிப்பூண்டி வரை ஸ்டியரிங் பிடித்தவர்கள், ஸ்பானர் பிடித்தவர்கள், இரண்டும் பிடிக்காமல் டீ கிளாஸை மட்டும் பிடித்துக்கொண்டு யோசனை சொன்னவர்கள் அனைவருக்கும் பணிவோடு ஒன்று தெரிவித்துக்கொள்கிறேன். இங்கே நான் எழுதப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. சொல்கிறவன் நான் என்பது அதற்கு ஒரு காரணம். சொல்லப்படுகிறவர் கோதண்டம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

செய்தி வந்தபோது கவரைப்பேட்டையில் நாஷ்டா முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். போனில் என் மனைவி தனலட்சுமி. "அக்கா ஊட்டுக்காரரு தூக்கத்துலயே போயிட்டாராம், சீக்கிரம் வா" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, சந்தேகம். கோதண்டம் எதையும் சத்தமில்லாமல் செய்த மனிதரா? அவர் தும்மினால் அத்திப்பட்டில் நிற்கும் கூட்ஸ் வண்டி சிக்னல் விழுந்துவிட்டது என்று நினைத்துக் கிளம்பும். அப்படிப்பட்டவர் பக்கத்தில் படுத்திருந்த மனைவிக்குக்கூடத் தெரியாமல் கிளம்பிப் போனார் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? போய்ப் பார்த்தேன். மனிதர் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அந்தக் காட்சியை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. அப்போதுதான் நம்பினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் அக்காவைக் கட்டினார், நான் தங்கையைக் கட்டினேன். அந்த வகையில் சகலை. அவருக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை. எனக்குப் பஞ்செட்டிப் பக்கம் நெல் வயல். நாற்றுக்கும் அறுப்புக்கும் நடுவில் கிடைக்கும் நேரமெல்லாம் அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, எனக்குத் தெரியாத விஷயங்களில் கருத்துச் சொல்வதை ஒரு பொதுச்சேவையாகச் செய்துவந்தேன். அவர் அதைப் பெரிய மனதோடு சகித்துக்கொண்டார். வயரில் சுற்றி மிஞ்சிய டேப் உருளையை என் மேல் எறிவது தவிர வேறு கெடுதல் செய்ததில்லை.

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் கோதண்டத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கண்டுபிடித்திருப்பார் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அதோடு இன்னொன்றும் உண்டு. தப்பு என்ற ஒன்று உலகத்தில் இருக்கலாம், ஆனால் அது தன் கடைக்கு வழி கேட்டு வந்ததில்லை என்பார். ஒருமுறை சோழவரத்துக்காரர் ஒருவரின் காரில் ஹாரன் வயரைக் கொண்டுபோய் பிரேக் விளக்கோடு சேர்த்துவிட்டார். அந்த மனிதர் பிரேக்கைத் தொட்டபோதெல்லாம் வண்டி அலறியது. திரும்பி வந்து நின்றார். கோதண்டம் அசரவில்லை.

"நைனா, பிரேக் அடிச்சா பின்னாடி வர்றவனுக்கு லைட்டு தெரியுது. முன்னாடி போறவனுக்கு இன்னா தெரியும்? அவனுக்குத்தான் சத்தம். ரெண்டு பக்கமும் பந்தோபஸ்து."

வந்தவர் யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இன்னொரு முறை செவ்வாப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபம் மாறிப்போய், முன்பின் தெரியாதவர்கள் வீட்டுப் பந்தியில் பாயசம் வரைக்கும் வந்துவிட்டோம். நான் மெதுவாக, "சகலை, பொண்ணு மாப்ள யாரும் நம்ம ஆளுங்க இல்ல" என்றேன். அவர் இலையிலிருந்து தலை தூக்காமல், "நாம சரியாத்தான் வந்துகீறோம். இந்த ஜனங்கதான் மண்டபம் மாறி வந்துட்ருக்குதுங்க, பாவம்" என்றார். இப்பேர்ப்பட்டவரைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ரோஸ்லினை உங்களில் பலர் அறிவீர்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி வேலை பார்த்தவள், பிறகு டிரைவிங் கற்றுக்கொண்டு சொந்தமாக ஒரு வேன் எடுத்தாள். அதே கம்பெனிக்கே பொன்னேரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஷிப்ட் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ரூட் கிடைத்தது. அவள் குடும்பத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் அவள். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் அவளுக்கு வழி விடுவார்கள். மரியாதை பாதி, பயம் பாதி.

அந்த வேனுக்கு ஒரு வியாதி வந்தது. வெயில் அடித்தால் இளவரசி போல ஓடும். மழை இறங்கிவிட்டால் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரியும், வைப்பர் கோயில் யானை காதை ஆட்டுவதுபோல நிதானமாக ஆடும், ஹெட்லைட் மெல்ல மங்கும், கடைசியில் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். மழை விட்டுக் காய்ந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி சார்ஜ் ஏறும். ஒரு கடையில், சார்ஜ் ஏற்றும் டைனமோவை மாற்றினார்கள். இன்னொரு கடையில் பேட்டரியை மாற்றினார்கள். நான் ஜாதகத்தைப் பார்க்கச் சொன்னேன். வண்டி எல்லோரையும் சமமாக மதித்தது, யாருக்கும் கட்டுப்படவில்லை.

கடைசியில் கோதண்டத்திடம் வந்தாள். அவர் பானெட்டைத் திறந்தார், எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டினார், கனெக்டரைப் புதிதாகப் போட்டார், மீட்டரைப் பேட்டரியில் வைத்தார். "பதினாலு புள்ளி ரெண்டு" என்று ஊருக்கே அறிவித்தார். அத்தனை வோல்ட் காட்டினால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது என்று அர்த்தம்.

"ரோஸ்லினு, இனிமே இந்த வண்டிய பழவேற்காடு ஏரிக்குள்ள எறக்கு. அந்தாண்ட கரையில லைட்டு எரிஞ்சிகினு ஏறும்."

அந்த வாரமே மழை வந்தது. சாதாரண மழையா? ஆரணி ஆறு தன் பாலத்து மேலேயே ஏறி நின்று கீழே வேடிக்கை பார்த்தது. கெளுத்தி மீன்கள் சுங்கச்சாவடியில் வரிசையில் நின்றன. அந்த மழையில், தச்சூர் கூட்டுச்சாலை தாண்டியதும் வேன் நின்றுவிட்டது. ஷிப்ட்டுக்குப் போக வேண்டிய பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு, கண்டெய்னர் லாரிகள் சேறடித்துப் போகிற ரோட்டோரம் நின்றார்கள். கம்பெனியின் போக்குவரத்து சூப்பர்வைசர் போனில் சொன்னது ரோஸ்லின் மூலம் எங்களுக்கு வந்தது. அடுத்த மழையில் வண்டி நேரத்துக்குக் கம்பெனி கேட்டுக்கு வரவில்லை என்றால் ரூட் வேறு வேனுக்குப் போய்விடும். அவ்வளவுதான் கெடு.

மறுநாள் அவள் கடைக்கு வந்து கத்தவில்லை. கத்தியிருந்தால் நாங்கள் சமாளித்திருப்போம்.

"அண்ணா, இத வாசல்ல நிறுத்தி அழகு பாக்க வாங்கல. ரூட் போனா நான் மறுபடியும் அதே லைன்ல போய் நிக்கணும். அங்க எல்லாரும் கேப்பாங்க, இன்னாடி வண்டி ஓட்டப் போனியேன்னு" என்று மட்டும் சொன்னாள்.

கோதண்டம் மார்பை நிமிர்த்தினார். "என் வேலையில ஒண்ணும் இல்லமா. மழை ஒழுங்கா பெய்யல" என்றார். அவள் போன பிறகு அவர் முன்னால் வைத்த இட்லி அப்படியே ஆறிக்கிடந்தது. அதை நான்தான் சாப்பிட்டேன், துக்கத்தோடு.

மீட்டர் மறுபடியும் பதினாலு புள்ளி ரெண்டு காட்டியது. காசு வாங்கிய சாட்சிபோல எப்போது கேட்டாலும் அதே பதில். அவர் பானெட்டை மூடிவிட்டு வானத்தைப் பார்த்தார். துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டுபோல இருந்தது வானம். கடலோரத்தில் மழை நெருங்குகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மழையில வர்ற கோளாறு வெயில்ல மாட்டாது சகலை. அந்த மழை வர்றதுக்குள்ள நமக்கு ஒரு மழை வேணும்" என்றார்.

"யாகம் பண்ணலாமா?"

"உங்கூட்ல வயலுக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர் கீதில்ல? அத நல்லா கழுவிட்டு எத்துகினு வா."

இப்படியாக நான் வருண பகவான் ஆனேன். ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு, கைப்பிடியை அடித்துக்கொண்டு, குழலை நீட்டிக்கொண்டு கடை வாசலில் நின்ற என் கோலத்தைப் பார்த்து வயல் கொக்குகள் மரியாதையாக ஒதுங்கி நின்றன. ரோஸ்லின் டிரைவர் சீட்டில் ஏறி என்ஜினை ஓட விட்டாள். ஹெட்லைட், வைப்பர், உள்ளே காற்றடிக்கும் புளோயர், எல்லாவற்றையும் போடச் சொன்னார் கோதண்டம். மழையில் வண்டி எவ்வளவு சுமக்குமோ அவ்வளவு சுமை இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பேட்டரியில் மீட்டரின் முனைகளை மாட்டிவிட்டு, பட்டாபிஷேகத்துக்கு உட்கார்ந்தவர்போல எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லா எடத்துலயும் ஒரே நேரத்துல அடிக்காத. ஒரு எடம், அப்பறம் ஒரு எடம். எங்க அடிக்கும்போது நம்பரு எறங்குதோ அங்கதான் திருடன்."

பேட்டரி மேல் அடித்தேன். அசையவில்லை. பியூஸ் பெட்டி மேல் அடித்தேன். அசையவில்லை. "பழவேற்காடு தூறல் போதும்யா, நீ புயல் அடிக்காத" என்று அதட்டினார். வயர் கட்டு, எர்த், கனெக்டர், எதுவும் இல்லை. டைனமோவின் மேலேயே லேசாகத் தூறினேன். பத்திரமாக இருந்தது. அவர் முகம் தொங்க ஆரம்பித்தது. ரோஸ்லின் கண்ணாடி வழியாக எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் அடிக்காத இடம் ஒன்றுதான் இருந்தது.

"பெல்ட்டு பக்கம் போ" என்றார்.

என்ஜின் சுற்றுகிற சுற்றை டைனமோவுக்குக் கொண்டுபோகிறது அந்த ரப்பர் பெல்ட். குழலை அதன்மேல் காட்டினேன். மீட்டர் பதிமூன்றுக்கு வந்தது. பன்னிரண்டுக்கு வந்தது. அதற்கும் கீழே போனது.

"அண்ணா, செவப்பு விளக்கு வந்துடுச்சி" என்றாள் ரோஸ்லின்.

அதே நேரம் பெல்ட் ஓரத்தில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. நுரை. பெல்ட் சுற்றச் சுற்ற நுரை பொங்கியது. பானெட்டைத் தாண்டியது, கடையைத் தாண்டியது, நெடுஞ்சாலையில் ஏறி ஆந்திரா போகும் லாரிகளை நிறுத்தியது. ஒரு லாரி டிரைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குளிக்க இறங்கி வந்தார்.

கோதண்டம் நுரையில் ஒரு விரல் எடுத்து மூக்கில் வைத்தார். "சகலை, உள்ள இன்னா ஊத்துன?"

"கிணத்துத் தண்ணி."

"மோந்து பாரு."

எலுமிச்சை வாசனை. துணி சோப்பு. இரண்டு பேரும் ஒன்றாக ரோஸ்லின் பக்கம் திரும்பினோம். அவள் என்ஜினை அணைத்தாள்.

"கத்திச்சிண்ணா" என்றாள். "காலையில எடுக்கும்போது பெல்ட்டு கீச்சு கீச்சுன்னு கத்தும். நைட் டூட்டி முடிச்சிட்டு வர்ற பொண்ணுங்க பாவம், ஏறுன ஒடனே தூங்கும். இந்தச் சத்தத்துல எழுந்து எழுந்து ஒக்காரும். ஸ்டாண்டுல ஒருத்தர் சொன்னாரு, துணி சோப்ப கொஞ்சம் தேச்சி விட்டா சத்தம் நிக்கும்னு. தேச்சேன். நின்னுடுச்சி."

"எப்பப்ப தேச்சே?"

"எப்ப கத்துனாலும் தேச்சேன்."

விஷயம் விளங்கிவிட்டது. காய்ந்திருக்கும்போது சோப்பு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். பெல்ட்டும் ஒருவாறு பிடித்துச் சுற்றும், மீட்டர் பதினாலு காட்டும். மழைத் தண்ணீர் பட்டதும் சோப்பு வழுக்கும். என்ஜின் சுற்றும், பெல்ட் சறுக்கும், டைனமோ பாதி தூக்கத்தில் சுற்றும். வண்டி பேட்டரியில் இருந்ததைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்ளும். பெல்ட் ஏன் முதலில் கத்தியது என்றால், ரப்பர் காய்ந்து, பிடிப்பு தளர்ந்துபோயிருந்தது. அதை அது சொல்லிப் பார்த்திருக்கிறது.

கோதண்டம் கத்துவார் என்று நான் காதைப் பொத்தத் தயாரானேன். அவர் கத்தவில்லை.

"வண்டி சத்தம் போட்டா பேஜாருன்னு நெனைக்காதமா. அதுக்குத் தெரிஞ்ச பாஷையில அது கூப்புடுது. இன்னான்னு கேட்டுட்டு அப்பறம் வாய மூடலாம்" என்றார்.

பிறகு பெல்ட்டைக் கழற்றி, கட்டை விரலால் அதன் உள்பக்கத்தை நீவிப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். முதல் தடவை வண்டி வந்தபோது அவர் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. முதுகில் ஸ்பிரேயரோடு ஓடுவது கஷ்டம்.

பெல்ட் சுற்றும் சக்கரங்களை வெந்நீரும் பிரஷ்ஷுமாகத் தேய்த்துக் கழுவினார். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரை மாற்றினார். புது பெல்ட் போட்டார். "இப்ப அடி, புயலே அடி" என்றார். ஸ்பிரேயர் காலியாகும் வரை அடித்தேன். நம்பர் பதினாலுக்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் இந்த முறை ஏரி, கடல் என்று எதுவும் சொல்லாமல் சாவியை ரோஸ்லின் கையில் கொடுத்தார்.

டிவி சொன்ன மழை வந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் ரோஸ்லின் வண்டியை எடுக்கும்போது முன் சீட்டில் கோதண்டம் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக வயரை இழுத்து மீட்டரை மடியில் வைத்திருந்தார். ஜன்னல் சந்து வழியாக மழை அவர் வேட்டியில் குடும்பம் நடத்தியது. நான் கடைசி சீட்டில், யாரோ ஒரு பெண்ணின் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, கோயில் சிலைபோல அசையாமல் இருந்தேன். வழியெல்லாம் அவர் நம்பர் வாசித்துக்கொண்டே வந்தார். "பதிமூணு புள்ளி ஒம்போது" என்பார். பெண்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். தச்சூர் வந்தபோது பெண்கள் எல்லோரும் எட்டி மீட்டரைப் பார்த்தார்கள். மழை கூரையில் கொட்டியது. ரோஸ்லின் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பதிமூணு புள்ளி ஒம்போது" என்றார் கோதண்டம்.

"பெரியப்பா, அது நல்ல மார்க்கா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இந்த மழைக்கு இதான்மா பர்ஸ்ட் க்ளாஸ்."

நேரத்துக்கு முன்னாலேயே கேட்டுக்குப் போய்விட்டோம். பெண்கள் இறங்கி ஓடினார்கள். ஆனால் அங்கே வேறொரு வேன் ஏற்கெனவே ஓரமாக நின்றுகொண்டிருந்தது. சூப்பர்வைசர் மழைக்கோட்டில் வந்தார். கெட்டவர் இல்லை, பொறுப்புள்ளவர். அதனால்தான் சிக்கல்.

"இன்னைக்கு வந்துட்டீங்க, சரி. நாளைக்கு? பொண்ணுங்கள ஹைவேல நிறுத்துனா நான்தான பதில் சொல்லணும். வண்டியப் பாத்துக்கத் தெரியாதவங்ககிட்ட எப்படி ரூட்ட விடுறது? அன்னைக்கு ஏன் நின்னுச்சி, அதச் சொல்லுங்க" என்றார்.

ரோஸ்லின் பொய் சொல்லத் தெரியாதவள். சோப்பு என்று சொல்ல வாயெடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சொன்னால் ரூட் அந்த ஓரத்து வேனுக்குப் போயிருக்கும்.

கோதண்டம் வண்டியிலிருந்து இறங்கினார். நான் குடையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அந்தக் கம்பெனியின் பாதி வண்டிகளுக்கு வயர் வேலை செய்தவர் அவர். அங்கே அவர் பேருக்கு ஒரு மதிப்பு இருந்தது.

"தப்பு என்னுது சார்" என்றார்.

சூப்பர்வைசருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"இந்தம்மா வண்டிய எங்கிட்ட கொண்டாந்து வுட்டாங்க. பெல்ட்ட நான் தொட்டுப் பாக்கல. பாக்காமயே நல்லாகீது, எடுத்துகினு போன்னு சொன்னேன். என்ன நம்பித்தான் மழையில எடுத்தாங்க. தொட்டுப் பாத்திருந்தா அன்னைக்கு நின்னிருக்காது."

"என்ன கோதண்டம் இது? இத்தினி வண்டி உங்ககிட்டதான விடுறோம்?"

"வேணும்னா வுடாதீங்க. ரூட்ட மட்டும் எடுக்காதீங்க."

சூப்பர்வைசர் அவரையும், அவர் மடித்துக் கட்டிய ஈர வேட்டியையும், கையில் பிடித்திருந்த மீட்டரையும் பார்த்தார். ஓரத்தில் நின்ற வேனைப் பார்த்து, போகச் சொல்லிக் கையசைத்தார். ரூட் ரோஸ்லினிடமே இருந்தது. இன்றும் இருக்கிறது. அந்தக் கம்பெனி வண்டிகள் சில கொஞ்ச காலம் வேறு கடைக்குப் போயின. யாராவது கேட்டால் கோதண்டம், வேலை அதிகமாகிவிட்டது, நான்தான் அனுப்பி வைத்தேன் என்றார்.

திரும்பி வரும்போது என் பக்கம் சாய்ந்து, "அந்த மழை சத்தத்துல நான் பேசுனது உனக்கு ஒண்ணும் கேட்டிருக்காது" என்றார்.

"ஒண்ணும் கேக்கல சகலை" என்றேன்.

அவரை எடுத்த அன்று ரோஸ்லின் ஷிப்ட் பெண்களை யூனிபார்மோடு அப்படியே வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். சோப்பு விஷயத்தையும் சேர்த்தே எழுதச் சொன்னவள் அவள்தான். "எழுதுங்கண்ணா, எவளாவது பெல்ட்டுக்கு சோப்பு தேச்சிகினு இருந்தா நிறுத்தட்டும்" என்றாள்.

அவருடைய மீட்டர், டெஸ்ட் லாம்ப், சாமான்கள் எல்லாம் அவர் வீட்டிலேயே இருக்கட்டும். எனக்கு அவரிடமிருந்து வேண்டியது அந்தக் கேட்டு வாசலில் அவர் சொன்ன மூன்று சொற்கள். அதை எடுத்துக்கொண்டேன். போன வாரம் மோட்டாரை அணைக்க மறந்து வீடெல்லாம் வெள்ளமானபோது தனலட்சுமியிடம் முதல்முறையாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் புறங்கையை என் நெற்றியில் வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். பழக்கம் இல்லாத சொற்கள், நாக்கில் இன்னும் சரியாக உட்காரவில்லை. உட்கார வைத்துவிடுவேன்.

மற்றபடி இதில் நான் சொன்ன ஆற்றையும் மீனையும் நுரையையும் லாரிக்காரரின் துண்டையும் உங்கள் விருப்பம்போலக் கழித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஒரு சின்ன இடத்தை மட்டும் கழிக்காதீர்கள். அந்தக் கேட்டு வாசலில் குடை பிடித்துக்கொண்டு நின்றவன் நான். மழை பலமாகத்தான் பெய்தது. ஆனால் எனக்குக் கேட்டது, சகலை.